கங்கம்மா விளைவு

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் கல்கத்தா ரோட்டுக்கும் நடுவில், இரும்பு உருக்குகிற பட்டறைகள் தொம் தொம்மென்று இடித்துக்கொண்டிருக்கிற இடத்தில், உலகத்திலேயே அசைவு ஆகாத ஒரு சாமானை வைத்து ஆராய்ச்சி பண்ணுவதற்கு ஒரு நிறுவனம் கட்டினார்கள். ஏன் அங்கே கட்டினார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். இடம் பார்க்க வந்த குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அன்றைக்குப் பட்டறைக்கு லீவு, ரயில் லேட். குழு வயல் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. "ஆகா, என்ன அமைதி!" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கவரைப்பேட்டைக்குச் சாப்பிடப் போய்விட்டது.

தேசிய ஒற்றை மூலக்கூறு நிலைமாற்றி நிறுவனம் என்று பெயர். பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிப் போய்விடும். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'சுச்சு ஆபீஸ்' என்றார்கள்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு மூலக்கூறு. கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தங்க முனைகளுக்கு நடுவில் அதை உட்காரவைத்து, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஸ்டீல் அறைக்குள் பூட்டி, விறைக்க விறைக்கக் குளிரவைத்திருந்தார்கள். கரண்ட்டைக் காட்டினால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்குமாம், மின்சாரம் பாயும். மறுபடி காட்டினால் எழுந்து நிற்குமாம், மின்சாரம் நின்றுபோகும். அவ்வளவுதான். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்ச் பார்க்கிற அதே வேலை. ஆனால் இதைக் கோடிக்கணக்கில் அடுக்கினால் ஒரு பெரிய கம்ப்யூட்டரையே மிளகுக்குள் வைத்துவிடலாம் என்றார்கள். கெட்ட விஷயமில்லை. உலகத்தில் நிஜமாகவே மண்டையைக் கசக்கிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன, அவர்களில் ஒருத்தரும் இங்கே வேலைக்கு வரவில்லை.

சுச்சு ஆபீஸ் மதிலை ஒட்டின ஒன்றரை ஏக்கர் கங்கம்மாவுடையது. அவள் புருஷன் வீரராகவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். வேலைக்குப் போவான், வருவான், படுப்பான். நாற்று விடுவதிலிருந்து நெல்லைத் தூற்றுவது வரைக்கும் எல்லாம் கங்கம்மாதான். "நிலத்த தூக்கி யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு நீயும் கம்பெனி கேன்டீனுக்கு வந்துடேன், நெழல்ல பாத்திரம் கழுவலாம்" என்று வீரராகவன் வருஷா வருஷம் சொல்லுவான். "ஒரு போகம் பாழாப் போச்சுன்னா வர்றேன்யா. அது வரிக்கும் வாயப் பொத்து" என்பாள் அவள். இதுவரைக்கும் ஒரு போகமும் பாழாய்ப் போனதில்லை. போர்த் தண்ணீர் இருந்தது, ஐந்து எச்.பி. மோட்டார் இருந்தது.

நிறுவனம் வந்த முதல் வருஷம் யாரும் யாரையும் தொந்தரவு பண்ணவில்லை. இரண்டாம் வருஷம் ஐப்பசியில், ஆயுத பூஜை முடிந்த கையோடு, திடீரென்று ஒரு ஆள் வரப்பில் நடந்து வந்தார். கையில் முள் ஆடுகிற ஒரு பெட்டி. அதிர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் லோகநாதன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"இந்த மோட்டார் அதிர்கிறது" என்றார்.

"மோட்டாருன்னா அதிராம? அத்த ஓட்டாம தண்ணி எப்டி சார் வரும்?"

"நீங்கள் மோட்டார் போட்டால் உள்ளே படுத்திருக்க வேண்டிய மூலக்கூறு எழுந்துவிடுகிறது."

"எங்க ஊட்டுக்காரரும்தான் சார் எழுந்துக்குறாரு. அதுக்கோசரம் நெல்ல காய வுட முடியுமா?"

லோகநாதன் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து கூட்ஸ் ரயில் ஒன்று போனது. மோட்டார் கொட்டகையின் தகரம் தடதடத்தது, பெட்டி முள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடியது. கங்கம்மா ரயிலைக் கை காட்டினாள்.

"அது இன்னா சார், தாலாட்டா?"

"அம்மா, ரயில்வே மத்திய அரசு. நாங்களும் மத்திய அரசு. ஒரு மத்திய அரசு இன்னொரு மத்திய அரசை அதிர்வு என்று சொல்ல விதியில் இடமில்லை."

"அப்போ அந்தப் பட்டறைங்க?"

"அது தொழில் வளர்ச்சி. வளர்ச்சியால் வருகிற அதிர்வை நாங்கள் அமைதி என்றே குறித்துக்கொள்கிறோம். உங்களுடையதுதான் வெறும் விவசாயம்" என்று பொறுமையாக விளக்கிவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குத் துணி சுற்றி அரக்கு வைத்தார். பிரித்தால் ஜாமீனில் வர முடியாத வழக்கு என்று போகிறபோக்கில் சொன்னார்.

மறுநாளிலிருந்து மழை வெளுத்து வாங்கியது. வயல் நிறையத் தண்ணீர். கங்கம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்த் தொலையுது சனியன் என்று விட்டுவிட்டாள்.

மோட்டாரோடு நிறுத்தினார்களா? ஊருக்குள் உரலில் இடிக்கக் கூடாது என்றார்கள். பிறகு மாடு ஓடக் கூடாது என்றார்கள். மாட்டுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, குளம்பில் கட்டச் சொல்லிக் கோணிச் சாக்கு கொடுத்தார்கள். மனிதர்களுக்கு மெத்து மெத்தென்று ஒரு செருப்பு. அதற்கு 'அமைதிக் காலணி' என்று பெயர். மதில் ஓரம் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். குப்புராஜ் கிழவர் செத்துப்போனார். தொண்ணூறு வயது வாழ்ந்த கட்டை, மேளம் இல்லாமல் எடுக்க முடியுமா? லோகநாதன் ஒரு சலுகை கொடுத்தார். மேளம் அடிக்கலாம், ஆனால் குச்சி தோலில் படக் கூடாது. மேளக்காரர்கள் வெறும் காற்றை அடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு நாலு பேர் ஆடிக்கொண்டும் போனார்கள், சத்தமில்லாமல். பார்த்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிழவரின் மகள் ஈஸ்வரி மட்டும் மார்பில் அடித்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள். அதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

கார்த்திகையோடு மழை நின்றது. மார்கழி பிறந்தது. பொட்டு மேகமில்லை. நெல் கதிர் வாங்கி, பூத்து, பால் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. கங்கம்மா குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? வயலில் விரல் போகிற மாதிரி வெடிப்பு விட்டது. அமைதிக் காலணியை மாட்டிக்கொண்டு நேராக இயக்குநரைப் பார்க்கப் போனாள்.

இயக்குநர் டாக்டர் அன்புராஜ். அறை வாசலில் 'மூலக்கூறு பணியில் உள்ளது. மெதுவாக மூச்சு விடவும்' என்று எழுதியிருந்தது. மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றாள். உள்ளே விட்டார்கள்.

"வாருங்கள், வாருங்கள். கங்கம்மா என்பது நீங்கள்தானா!" டாக்டர் அன்புராஜ் எழுந்தே நின்றுவிட்டார். "உங்களைப் பற்றித்தான் போன மாதம் ஜப்பானில் பேசிவிட்டு வந்தேன்."

"என்னப் பத்தியா? நான் இன்னா சார் பண்ணேன்?"

"மூலக்கூறு சொன்னபடி கேட்காமல் போவதற்கு, சுற்றுப்புற மோட்டார்களின் மிச்ச நினைவுகூட ஒரு காரணம் என்று நிறுவியிருக்கிறேன். அதற்கு 'கங்கம்மா விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது."

"மோட்டாருக்குத்தான் சீலு வெச்சி ரெண்டு மாசம் ஆச்சே சார்."

"அதனால்தான் மிச்ச நினைவு என்கிறேன்."

கங்கம்மாவுக்கு ஒரு எழவும் புரியவில்லை. "சார், எனக்கு இந்த வாரம் தண்ணி வோணும். பால் புடிக்கிற நேரம். ஒரு நாலு வாட்டி மோட்டாரு போட்டுக்கறேன். உங்க மூலக்கூறு தூங்கிக்கினு இருக்கற நேரமாப் பாத்து சொல்லுங்க, அப்போ போட்டுக்கறேன்" என்று கும்பிட்டாள்.

டாக்டர் அன்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நீங்கள் தண்ணீர் கேட்கிறீர்கள். நான் எதிர்காலம் தருகிறேன். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முடிவுகூட அவ்வளவு முக்கியமில்லை. முடிவு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேசத்துக்குத் தந்தவர் நீங்கள். உங்கள் மோட்டாரை ஓடவிட்டு முடிவு வந்துவிட்டது என்று வையுங்கள், நான் ஜப்பானில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? ஓடவிட்டும் முடிவு வரவில்லை என்றால் அதைவிட மோசம். ஆகவே ஓடாமல் இருப்பதுதான் அறிவியல்."

வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்து கங்கம்மா அழுதாள். அங்கே சாலமோன் வந்து நின்றான். நிறுவனத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவன் அம்மா ஞானம்மா கங்கம்மாவின் வயலில் நாற்று நட்டவள். இப்போது மகன் சம்பாதிக்கிறான், ஞானம்மா வீட்டில் இருக்கிறாள்.

"அளுவாதக்கா. ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லாம இருப்பியா?" என்று அக்கம்பக்கம் பார்த்தான். "உள்ள மூலக்கூறே கெடையாது."

"இன்னாடா சொல்ற?"

"ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாங்க இல்ல? கம்ப்யூட்டருக்கு வெச்சாச்சு, ஜெனரேட்டருக்கு வெச்சாச்சு, வாசல்ல நிக்கிற ஜீப்புக்கும் வெச்சாச்சு. டைரக்டர் சுத்திப் பாத்துட்டு, 'எல்லாருக்கும் வெச்சீங்களே, மூலவருக்கு வெச்சீங்களா'ன்னு கேட்டுட்டாரு. ஒருத்தனுக்கும் வேணாம்னு சொல்ல வாய் வரல. ஸ்டீல் ரூம திறந்தாங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள பூந்துச்சு. அந்தத் தங்க முனை மேல டைரக்டரே தன் கையால குங்குமம் வெச்சாரு. கற்பூரம் காட்னாங்க. வாசல்ல பூசணிக்கா ஒடச்சாங்க. அப்பால நாங்கல்லாம் பொரி துன்னோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கண்ணுக்கே தெரியாத ஒண்ணு மேல ஒரு சிட்டிக குங்குமத்தக் கொட்னா? அதுல எது குங்குமம், எது மூலக்கூறுன்னு அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். மறுநாள் இன்னா காட்டியும் மெஷினு அசையல. பூஜையால போச்சுன்னு எழுத முடியுமா? பக்கத்துல யார்னா மோட்டாரு வெச்சிக்கிறாங்களான்னு தேடுனாங்க. உன்னுது கெடச்சிது."

கங்கம்மாவுக்குக் கண்ணீர் சட்டென்று நின்றுபோனது. இத்தனை நாள் தன் நெல் ஒரு பெரிய காரியத்துக்காகக் காய்கிறது என்றாவது நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லாததற்காகக் காய்கிறது என்று தெரிந்ததும் ஆத்திரம் தலைக்கு ஏறியது. காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, தொம் தொம்மென்று நடந்து மறுபடியும் இயக்குநர் அறைக்குள் போனாள்.

"குங்குமத்தப் பூசி சாவடிச்சது நீங்க. சீலு எனக்கா? இப்பவே ஊரக் கூட்டி சொல்றேன் இரு!"

டாக்டர் அன்புராஜ் பதறவில்லை. அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது.

"இல்லை என்று யார் சொன்னது? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாதம்மா. இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு பல்பு போதும். வெள்ளிக்கிழமை டில்லியிலிருந்து செயலர் வருகிறார். மூலக்கூறிடம் நான் சொன்னதும் பல்பு எரிய வேண்டும். தடுப்புக்குப் பின்னால் ஒரு சாதாரண சுவிட்ச் இருக்கும். அதை அழுத்த ஒரு ஆள் வேண்டும்."

"உங்ககிட்டத்தான் இவ்ளோ பேரு கீறாங்களே."

"அங்கேதான் நேர்மை குறுக்கே வருகிறது" என்று டாக்டர் அன்புராஜ் நெஞ்சில் கை வைத்தார். "இந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை என்று செயலர் முன்னால் நான் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருஷப் பணியில் நான் பொய் சொன்னதில்லை. ஆகவே வெளி ஆள் வேண்டும். நீங்கள் அழுத்துங்கள். அன்று சாயந்திரமே அரக்கை உடைத்து ஃபியூஸைப் போட்டுத் தருகிறேன்."

கங்கம்மா காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஆளுக்கு ஒத்தாசை பண்ண அவளுக்கு மனசே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் தண்ணீர் விட்டால் பாதிக் கதிராவது தேறும். ஊரைக் கூட்டிக் கத்தினால் நியாயம் கிடைக்கலாம், அதற்குள் வயல் வைக்கோலாகிவிடும். "வெள்ளிக்கெழம சாயந்தரம். சத்தியமா?" என்று கேட்டாள். "அறிவியல் சத்தியமாக" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை வாழை மரம் கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். செயலருக்குப் பூர்வீகம் ஊத்துக்கோட்டைப் பக்கம். எந்த மேடை ஏறினாலும் முதலில் அதைச் சொல்வார், இங்கேயும் சொன்னார். கைதட்டினால் அதிரும் என்பதால் எல்லோரும் கையைத் தூக்கிக் காற்றில் ஆட்ட வேண்டும் என்று லோகநாதன் அறிவித்தார். ஊரே கையை ஆட்டியது.

கங்கம்மா ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு வெள்ளை சுவிட்ச். சாலமோன்தான் ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மோடு மேடை ஓரம் போய் நின்றான்.

"மூலக்கூறே, விழித்தெழு!" என்றார் டாக்டர் அன்புராஜ்.

சுவிட்சின் மேல் வைத்த விரல் நகரவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது: அழுத்தாமலே எழுந்து போய்விட்டால்? இந்த ஆள் மானம் சந்தி சிரிக்கும். எவ்வளவு நன்றாக இருக்கும்!

"மூலக்கூறு யோசிக்கிறது" என்று டாக்டர் அன்புராஜ் சமாளிப்பது கேட்டது.

கங்கம்மாவின் கண் முன்னால் வெடித்த வயல் வந்தது. அழுத்தினாள்.

பல்பு எரிந்தது. கைகள் காற்றில் ஆடின. "மூலக்கூறே, ஓய்வெடு!" அணைத்தாள். "விழித்தெழு!" போட்டாள். செயலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"முப்பது வருஷமாக அரசுப் பணியில் இருக்கிறேன். இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை. சொன்னால் எழுகிறது, சொன்னால் படுக்கிறது. சம்பளம் கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. குடிமக்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வெற்றிக்கு எது காரணம்? இந்த ஊரின் அமைதி காரணம். இரண்டு மாதம் மோட்டாரை நிறுத்தியதற்கே மூலக்கூறு இப்படி வேலை செய்கிறது என்றால், நிரந்தரமாக நிறுத்தினால் எப்படிச் செய்யும்! ஆகவே இந்தச் சுற்று வட்டாரத்தை இந்த மேடையிலேயே நிரந்தர அமைதி மண்டலமாக அறிவிக்கிறேன். இங்குள்ள பம்ப் செட் இணைப்புகள் அனைத்தும் இன்றே அகற்றப்படும். இயக்குநரின் நீண்ட நாள் கோரிக்கை இது."

தடுப்புக்குப் பின்னால் கங்கம்மாவுக்குக் காது அடைத்தது. 'நீண்ட நாள் கோரிக்கை' என்ற வார்த்தை மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. "அடப்பாவி! அடப்பாவி மவனே!" என்று கத்தினாள். டாக்டர் அன்புராஜ் கையைக் காட்டியதும் நாதஸ்வர கேசட்டை உச்சத்தில் வைத்துவிட்டார்கள். அவள் குரல் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு சுவிட்ச்தான். பல்பை அணைத்தாள். போட்டாள். அணைத்தாள், போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, சுவிட்சை உடைத்துவிடுகிற மாதிரி படக் படக்கென்று தட்டினாள். எரியட்டும், வெடிக்கட்டும், இந்தப் பந்தலே பற்றி எரியட்டும்.

வெளியே பல்பு மின்னி மின்னி எரிந்தது. "என்ன வேகம்! மூலக்கூறு நன்றி சொல்கிறது!" என்று செயலர் கூவினார். கூட்டத்துக்கு விதி மறந்துபோனது. கைதட்டி, விசில் அடித்து, காலால் தரையை உதைத்தார்கள். பந்தக்கால் ஆடியது. லோகநாதன் மட்டும் கடமை தவறாமல் பெட்டியைப் பார்த்து, 'அதிர்வு இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

சாயந்திரம் கங்கம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தாள். பால் இல்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. தூரத்தில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு சாலமோன் வந்தான். லைன்மேனுக்கு அன்றைக்கு விழாவில் சாப்பாடு பரிமாறுகிற வேலை, அதனால் மோட்டார் ஒயரை வெட்ட இவனை அனுப்பியிருந்தார்கள்.

"யக்கா, மாட்டேன்னுதான் சொன்னேன். நாளைலேந்து வேலைக்கு வராதன்னுட்டாங்க. ஊட்ல அம்மாக்கு மாத்திர மருந்து..."

"நான் உன்ன இன்னா கேட்டேன் இப்போ?"

அவன் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தான். வெடித்த மண்ணில் கால் நிற்காமல் ஏணி ஆடியது. இரண்டு படி ஏறிவிட்டு, கட்டரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். தோள் குலுங்கியது.

கங்கம்மா எழுந்து போய் இரண்டு கையாலும் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அளுவாம ஏறுடா. கண்ணு தெரியாம வேற ஒயர புடிச்சிடப் போற. எறங்கி வந்து எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு போன் மட்டும் போட்டுக் குடு, கேன்டீனுக்கு வர்றேன்னு சொல்லணும்."